உயரப் பந்து

அந்த மார்கழியில்தான் அனிருத்தின் சர்வ் நிலாவின் கண்ணில் படாமல் போக ஆரம்பித்தது.

அதற்கு முன் மூன்று வருஷமாக, லஸ் பக்கத்து டென்னிஸ் கிளப்பின் கடைசி மண் கோர்ட்டில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் இருவரும் தினமும் ஆடினார்கள். அனிருத் கிளப் மெம்பர் வெங்கடரமணனின் மகன். தமிழ்நிலா அதே கிளப்பின் மார்க்கர் கபாலியின் மகள். மார்க்கர் என்றால் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, ஜோடி இல்லாமல் வரும் மெம்பர்களோடு ஆடியும் கொடுப்பவர். வேலைக்காரர்களின் பிள்ளைகள் கோர்ட்டில் கால் வைக்கக் கூடாது என்பது கிளப் சட்டம். ஆனால் அனிருத்துக்கு எதிரே நின்று, எவ்வளவு அடித்தாலும் சளைக்காமல் திருப்பிப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. வெங்கடரமணன் ஒரு வார்த்தை சொன்னார். நிலா விஷயத்தில் சட்டம் கண்ணை மூடிக்கொண்டது.

முதல் வருஷம் அவள் அவனை ஜெயித்தாள். இரண்டாம் வருஷமும் ஜெயித்தாள். அப்போது அவள் அவனைவிட உயரம். தோற்றதும் அவன் மட்டையை வீசிவிட்டு அழுவான், அவள் அதை எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பாள். பதினான்கைத் தொடும்போது அவனுக்குக் குரல் உடைந்தது. ஒரே மழைக்காலத்தில் தோள் விரிந்தது, கை நீண்டது. மழை விட்டு கோர்ட் காய்ந்து மறுபடி ஆட வந்தபோது அவன் சர்வ் வேறாக இருந்தது. பின்கோடான பேஸ்லைனில் நின்று எடுத்துக்கொண்டிருந்தவள் ஒரு அடி பின்னால் போனாள், இன்னும் ஒரு அடி போனாள், கடைசியில் முதுகு பின்வலையில் முட்டியது. அப்போதும் பந்து மட்டையில் படவில்லை. அவள் ஆட்டம் மோசமாகவில்லை. நன்றாகத்தான் ஆடினாள். அவன் உடம்பு அவளை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டது, அவ்வளவுதான்.

வெங்கடரமணன் இரண்டு வாரம் பார்த்தார். பிறகு கபாலியைக் கூப்பிட்டார்.

"கபாலி, ஒன் பொண்ணு நன்னா ஆடறா. ஒரு குறையும் இல்லை. ஆனா இனிமே அனிருத்துக்கு இது போறாது. காலேஜ் பையன் ஒருத்தனைச் சொல்லி வச்சிருக்கேன். நாளையிலேர்ந்து அவன் வருவான்."

"சரி சார்" என்றார் கபாலி.

கோட்டூர்புரத்துக் குடிசை மாற்று வாரிய வீட்டுக்கு சைக்கிளில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்த நிலா கேட்டாள்.

"அப்ப நான் எங்க ஆடுறது நைனா?"

கபாலி பாலத்தின் ஏற்றத்தை மிதித்து முடித்தார். மூச்சு வாங்கியது. பிறகு சொன்னார்: "பையனுங்களோட மூணு வருசம் ஆடிக்கீற. உனுக்கு முன்னாடி பொண்ணுங்கோ எல்லாம் ஒரு ஆளா? மே மாசம் அடையாறுல மேட்ச் கீது. அத்த மட்டும் பாரு."

அடையாறு கிளப் ஒன்றில் நடக்க இருந்த அந்தப் போட்டியைப் பற்றி மெம்பர்கள் பேசிக்கொண்டதை அவர் கேட்டிருந்தார். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஆட்டத்தில் அரை இறுதி வரை வரும் நாலு பேருக்கு தி. நகரில் புதிதாகத் தொடங்கும் பயிற்சி முகாமில் இடம். வருஷம் முழுவதும் கோர்ட், வருஷம் முழுவதும் பந்து. கோர்ட் இல்லாத பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அதை விட்டால் வேறு வழியும் இல்லை. நிலாவின் அம்மா நாலு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், நாலு வயதுக் குழந்தையை ஐந்து என்று சொல்லி ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அந்தச் சின்னப் பொய் பள்ளிக்கூடச் சான்றிதழில் ஏறி, இப்போது திரும்பி வந்து அவள் கழுத்தைப் பிடித்தது. நிஜத்தில் அவளுக்குப் பதின்மூன்று ஆகப் போகிறது. காகிதத்தில் பதினான்கு ஆகப் போகிறது. இந்த மே தவறினால், அடுத்தது பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களோடுதான்.

ஜனவரியில் சில நாள் விடிவதற்கு முன் கபாலி அவளைக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆடினார். ஒரு மெம்பர் நடைப்பயிற்சிக்குச் சீக்கிரமே வந்து பார்த்துவிட்டார். செகரட்டரி கூப்பிட்டு, "இன்னொரு தடவை நடந்தா வேலை இருக்காது" என்றார். அதன் பிறகு நிலாவுக்கு மிஞ்சியது குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மோட்டார் அறைச் சுவர்தான். சுவர் பந்தை வேகமாகவும் தாழ்வாகவும் திருப்பிக் கொடுத்தது. அனிருத் அடித்ததும் அப்படித்தான். அவள் இன்னும் வேகமாக அடித்தாள். மாடியிலிருந்து யாராவது, "தே, பகல்ல தூங்க வுட மாட்டியா?" என்று கத்தும் வரை அடித்தாள். கபாலி வேலை முடிந்து வந்து சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நின்று பார்ப்பார். "அப்டித்தான். அடி. பொண்ணுங்கோ தாங்க மாட்டாளுங்கோ" என்பார்.

அதுவரை நிலா ஒரு பெண்ணோடுகூட மேட்ச் ஆடியதில்லை.

முதல் இரண்டு சுற்றில் கபாலி சொன்னது சரி என்றே தோன்றியது. அண்ணா நகரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் வேலூரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் நிலாவின் ஃபோர்ஹேண்டைப் பார்த்தே பின்னால் போனார்கள். இரண்டு மேட்சும் வெயில் ஏறுவதற்குள் முடிந்தன. வேலூர்ப் பெண்ணின் அப்பா மட்டும் வெளியே வரும்போது, "இவ்ளோ வளந்த பொண்ணு பதினாலுக்குள்ளயா?" என்று யாரிடமோ கேட்டார். கபாலி காதில் விழாதது போல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

கால் இறுதியில் எதிரே வந்தவள் பெயர் மஹதி. பதினோரு வயது. மயிலாப்பூர். இரட்டைப் பின்னலை மேலே மடித்துக் கட்டியிருந்தாள். கையில் இருந்த மட்டை அவள் உயரத்தில் பாதி இருக்கும். அவள் அம்மா கோமளம் ஒரு கூஜாவும் குடையும் எடுத்துக்கொண்டு வந்து வேலியோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கபாலிக்குச் சிரிப்பு வந்தது. "சீக்கிரம் முடிச்சுக்கினு வா, பத்து மணிக்கு நம்ம கிளப்புக்கு மெம்பருங்கோ வந்துருவாங்கோ" என்று மகளை அனுப்பினார்.

முதல் பந்தை நிலா தன் வழக்கப்படி மூலையில் வைத்தாள். அனிருத்தாக இருந்தால் ஓடிப் போய் ஓங்கி அடித்திருப்பான். பாதி நேரம் கோட்டுக்குள் விழும், பாதி நேரம் வெளியே போகும், எப்படியானாலும் முடிந்துவிடும். மஹதி ஓடினாள், மட்டையை அடியில் கொடுத்து, பந்தை மேலே தூக்கினாள். அது வேப்பமரத்தின் நடுக்கிளை உயரத்துக்குப் போய், மெதுவாக இறங்கி, பேஸ்லைன் பக்கத்தில் விழுந்து, நிலாவின் தலைக்கு மேல் எழும்பியது. அவள் குதித்து அடித்தாள். நெட்டில் விழுந்தது.

அடுத்த பந்தும் அப்படியே வந்தது. அதற்கு அடுத்ததும்.

மூன்று வருஷத்தில் யாரும் அவளுக்கு இப்படி ஒரு பந்தைப் போட்டதில்லை. சுவரும் போட்டதில்லை. அந்தப் பந்தில் வேகமே இல்லை. எதிராளியின் வேகத்தை வாங்கித் திருப்பி அனுப்பித்தான் அவளுக்குப் பழக்கம். இங்கே வாங்க எதுவும் இல்லை. எல்லா வேகத்தையும் தன் கையிலிருந்தே கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தபோது பந்து வெளியே போனது. மஹதியின் சர்வ்கூட காற்றில் மிதந்து வந்து பொத்தென்று விழுந்தது. அதை அடித்து நொறுக்கிவிடலாம் என்று ஓடி வந்து நிலா நெட்டில் நொறுக்கினாள். பையன்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அவளுடைய சொந்த சர்வோ, இரண்டில் ஒன்று டபுள் ஃபால்ட் ஆகி பாயிண்டைக் கொடுத்தது. உள்ளே விழுந்தாலும் பிரயோஜனம் இல்லை. அந்தக் குழந்தை அதையும் மேலே தூக்கினாள்.

வேலிக்கு வெளியே நின்ற கபாலி கையை ஓங்கி ஓங்கிக் காட்டினார். அடி, இன்னும் அடி. நிலா அடித்தாள். முதல் செட் ஒன்றுக்கு ஆறு என்று போனது.

இரண்டாவது செட் தொடங்கியதும் கபாலியால் சும்மா நிற்க முடியவில்லை. "அடிம்மா! பயப்படாத, அடி!" என்று கத்திவிட்டார். ரெஃப்ரி ஷரஃபுதீன் வேலியருகே வந்தார். தலை நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"வெளியேர்ந்து சொல்லிக் கொடுக்கக் கூடாதுங்க. இது முதல் தடவை."

கோமளம் அந்த நேரம் பார்த்து எழுந்தாள். "ஸார், ஒண்ணு கேக்கணும். இந்தப் பொண்ணுக்கு நெஜம்மாவே பதினாலு ஆகலையா? எங்காத்துக் கொழந்தை இவ தோளுக்குக்கூட வர மாட்டா. இதென்ன ஸார் நியாயம்?"

"பேப்பர் எல்லாம் பாத்தாச்சும்மா. உக்காருங்க."

நிலாவுக்கு அது கேட்டது. காது சூடானது. அடுத்த மூன்று கேமும் போயின. பூஜ்யத்துக்கு மூன்று.

இடம் மாறும்போது அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். துண்டுக்குள் இருட்டாக இருந்தது, தன் மூச்சு மட்டும் கேட்டது. இன்னும் மூன்று கேம். அதற்குப் பிறகு தி. நகர் முகாம் கிடையாது, கிளப் கிடையாது. மோட்டார் அறைச் சுவர்தான். எட்டாம் வகுப்பு முடிந்துவிட்டது. அம்மா ஏற்கெனவே, "ஸ்கூல் வுட்டு வந்து ரெண்டு வூட்டுக்கு என்னோட வா" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். துண்டை எடுத்தபோது அப்பா வேலிக்கு அப்பால் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அடி. அடி.

அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

அடுத்த உயரப் பந்து வந்தபோது நிலா குதிக்கவில்லை. நாலு எட்டு பின்னால் போய், அது இறங்கும் வரை காத்திருந்து, மட்டையை அடியில் கொடுத்துத் தூக்கினாள். மஹதி செய்தது போலவே. அவள் வாழ்க்கையில் அடித்த பந்துகளிலேயே அசிங்கமான பந்து அதுதான். அது போய் உள்ளே விழுந்தது. திரும்பி வந்தது. மறுபடி தூக்கினாள். எண்ணிக்கை மறந்து போகும் அளவுக்கு இருவரும் மாறி மாறித் தூக்கினார்கள். கடைசியில் மஹதியின் பந்து நெட்டில் தட்டி அந்தப் பக்கமே விழுந்தது.

"இன்னா பண்ணிக்கினுகீற நீ?" கபாலியின் குரல் கோர்ட் முழுக்கக் கேட்டது. "ஏய் நிலா! இன்னா ஆட்டம் இது? அடிம்மா!"

ஷரஃபுதீன் விசில் எதுவும் ஊதவில்லை. கேட்டைக் கையால் காட்டினார். கபாலி கேட்டுக்கு வெளியே போய் நின்றார். அங்கிருந்து கோர்ட்டில் பாதிதான் தெரியும்.

பக்கத்துக் கோர்ட்டில் பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சர்வ், ஒரு ரிட்டர்ன், ஒரு அடி, முடிந்தது. சர்வ், முடிந்தது. நிலாவின் ஒரு கேம் நடக்கும் நேரத்தில் அங்கே ஒரு செட்டே முடிந்துவிடும் போலிருந்தது. அங்கிருந்த பையன்களில் அனிருத்தும் ஒருவன். அவன் ஜெயித்துவிட்டு, வியர்வைகூடச் சரியாக வராமல், மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"என்ன நிலா இப்படி ஆடற? ஒன் ஃபோர்ஹேண்ட் என்ன ஆச்சு?"

ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. அவள் பந்தைத் தட்டிக்கொண்டு சர்வ் போடும் இடத்துக்குப் போனாள். மேலிருந்து ஓங்கிப் போடும் சர்வையும் விட்டுவிட்டாள். தோள் உயரத்தில் தட்டிப் போட்டாள். உள்ளே விழுந்தால் போதும். அனிருத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

மூன்றுக்கு மூன்று. ஐந்துக்கு ஐந்து. இருவரில் யாராலும் தன் சர்வை எளிதில் காப்பாற்ற முடியவில்லை. பெரும்பாலும் சர்வ் போடுகிறவள்தான் தோற்றுக்கொண்டிருந்தாள். வெயில் நேர் மேலே வந்துவிட்டது. கோர்ட் மண் காலணியைத் தாண்டிச் சுட்டது. ஏழுக்கு ஐந்து என்று இரண்டாவது செட் நிலாவுக்கு வந்தபோது கை தட்ட அங்கே ஆள் இல்லை. பார்க்க வந்தவர்கள் சலித்துப்போய் நிழலுக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாவது செட்டுக்கு முன் பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்தார்கள். நிலா கேட்டுக்குப் போனாள். கபாலி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வெக்கமா கீதும்மா" என்றார். "மூணு வருசம் உனுக்கு இன்னா சொல்லிக் குடுத்தேன்? ஒரு பொடிசு கிட்ட போயி, அதே மாரி தூக்கித் தூக்கி... மெம்பர் பையன் வந்து பாத்துட்டு போறான். நாளைக்கு கிளப்புல இன்னா சொல்லுவாங்கோ?"

"அடிச்சா தோக்குறேன் நைனா."

"அடிச்சி தோத்தா பரவால்ல."

"உனுக்கு பரவால்ல. எனுக்கு இல்ல." அவள் குரல் உடைந்தது. "நீ சொல்லிக் குடுத்தது எல்லாம் அனிருத்தோட ஆடத்தான். இவ அனிருத் இல்ல. இவளோட எப்டி ஆடுறதுன்னு உனுக்குத் தெரியாது. எனுக்கும் தெரியாது. அவ ஆடுறத பாத்து நான் ஆடிக்கினு கீறேன். சும்மா இரு நைனா, கைய காட்டாத."

கபாலி வாயைத் திறந்தார். மகளின் உதடு வெளுத்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். கம்பிக்குள் கையை விட்டு, தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது செட்டில் எத்தனை நேரம் ஆடினார்கள் என்று பிறகு யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மஹதி அழத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் அழுதாள், அடுத்தது தொடங்கியதும் நிறுத்தினாள், ஓடினாள், தூக்கினாள். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு முறை வேலியருகே நின்று, "போறும்மா. ஆத்துக்குப் போலாம்மா" என்றாள். கோமளம் குடையை மடித்து மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "இன்னும் கொஞ்சம்டி கண்ணா. அந்தப் பொண்ணுக்குக் கால் இழுக்கறது பாரு. இன்னும் கொஞ்சந்தான்."

உண்மைதான். நிலாவின் வலது கெண்டைக்கால் துடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன உடம்பு வெயிலையே உணராதது போல ஓடியது. நிலாவின் உடம்பு ஒரே வருஷத்தில் நீண்டிருந்தது. அந்தப் புது நீளத்தையெல்லாம் ஒவ்வொரு பந்துக்கும் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தது. பிரேக் பிடிப்பதற்குள் ஒரு எட்டு தாண்டிப் போய்விடும். உயரமாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த மத்தியானம் அவளுக்கு அது பாரமாக இருந்தது.

ஆனாலும் ஐந்துக்கு நாலு என்று முன்னால் வந்தாள். மஹதியின் சர்வ். டியூஸ், அதாவது இருவரும் சமம். நிலாவுக்கு ஒரு பாயிண்ட். இன்னும் ஒன்று எடுத்தால் மேட்ச்.

அந்தப் பந்து நீண்ட நேரம் இரண்டு பக்கமும் போய் வந்தது. பிறகு மஹதி களைத்து ஒன்றைக் குறைவாகத் தூக்கினாள். பந்து நெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, இடுப்பு உயரத்தில், கெஞ்சுவது போல வந்து நின்றது. அனிருத்தோடு ஆடிய காலத்தில் அவள் ஆயிரம் முறை அடித்து முடித்த பந்து. கேட்டுக்கு வெளியிலிருந்து கபாலிக்குக்கூட அது தெரிந்தது. அவர் கம்பியை இறுக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

நிலா உள்ளே ஓடி வந்தாள். மட்டை பின்னால் போனது. அடிக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. முதல் செட்டில் நெட்டில் விழுந்த பந்துகள் எல்லாம் அந்த நொடிக்குள் வந்து நின்றன. கை தயங்கியது. அடிக்கவும் இல்லாமல், உயரத் தூக்கவும் இல்லாமல், நடுவில் ஒரு தட்டு தட்டினாள். மஹதி அதை எட்டிப் பிடித்து, நிலாவின் தலைக்கு மேல் போட்டாள். நிலா திரும்பிப் பின்னால் ஓடும்போது கெண்டைக்கால் கல்லாகச் சுருட்டிக்கொண்டது. மண்ணில் விழுந்தாள்.

பந்து கோட்டுக்குள் விழுந்தது.

ஷரஃபுதீன் வந்து குனிந்தார். "விட்டுடறியாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். ஒரு காலால் எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. நின்ற இடத்துக்கு வந்ததைத் திருப்பினாள், எட்டாததை விட்டாள். மஹதி அழுதுகொண்டே ஒவ்வொன்றாக எட்டாத இடத்தில் போட்டாள். ஐந்துக்கு ஐந்து. ஐந்துக்கு ஆறு. ஐந்துக்கு ஏழு.

கை கொடுக்க நெட்டுக்கு வந்தபோது இருவராலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. கை கொடுத்ததும் மஹதி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

கபாலி உள்ளே ஓடி வந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார வைத்து, காலை மடியில் வைத்துத் தேய்த்தார். அதே குழாயில் கோமளம் மஹதியின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூஜாவிலிருந்து மோரை ஊற்றி மகளுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு டம்ளர் ஊற்றி நிலாவின் பக்கம் நீட்டினாள். நிலா வாங்கிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதேங்கோ" என்றாள் கோமளம். "நெஜம்மா பதினாலு ஆகலையா?"

கபாலி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பேப்பர்ல ஆவப் போவுது. மெய்யாலும் பாத்தா பதிமூணே இன்னும் ஆவல."

கோமளத்துக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று இரவு கபாலி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "நான்தான் உன்ன கெடுத்துட்டேன்" என்றார். நிலாவின் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சோற்றைப் போட்டுவிட்டு, அன்றைக்கு வீட்டு வேலையைப் பற்றி எதுவும் பேசாமல் எழுந்து போனாள். நிலாவுக்கு அழுகை வரவில்லை. அந்தக் குறைந்து வந்த பந்து மட்டும் கண் மூடினாலும் திறந்தாலும் இடுப்பு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் அரை இறுதி. "அங்க இன்னா வேல உனுக்கு? கால பாரு" என்றார் கபாலி. அவர் கிளப்புக்குப் போனதும் நிலா நொண்டிக்கொண்டே பஸ் ஏறி அடையாறுக்குப் போனாள்.

மஹதிக்கு எதிரே கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண். நிலாவின் உயரம் இருப்பாள். அவளும் ஓங்கி அடித்தாள், ஆனால் அவளுக்கு உயரப் பந்தும் பழக்கம். இறங்குவதற்குள்ளேயே முன்னால் வந்து, அந்தரத்திலேயே தட்டி முடித்தாள். நிலா வேலியைப் பிடித்துக்கொண்டு அந்த அடியையே பார்த்தாள். எப்போது முன்னால் வருகிறாள், மட்டை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது. மஹதி ஓடினாள், ஓடினாள், எதுவும் எட்டவில்லை. அவ்வளவு வேகமாக, தவறாமல் உள்ளே விழும் பந்தை அவள் முன்பின் பார்த்ததில்லை. பூஜ்யத்துக்கு ஆறு, ஒன்றுக்கு ஆறு. இன்றைக்கு அவள் அழக்கூட இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகாமில் இடம் கிடைத்துவிட்டது என்று கோமளம் சொன்னதுகூட அவள் காதில் ஏறவில்லை.

நிலா அவர்களிடம் போனாள். பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"அக்கா, நான் அந்தப் பொண்ணு மாரி அடிப்பேன்" என்றாள் கோமளத்திடம். "தெனம் வந்து மஹதிக்கு அடிச்சுக் குடுக்குறேன். எவ்ளோ நேரம் வேணும்னாலும். அது எனுக்கு தூக்கிப் போடட்டும். வேற ஒண்ணும் வேணாம்."

கோமளம் திகைத்தாள். "கேம்ப்ல வெளி மனுஷாளை விடுவாளோ என்னமோ..."

"நீங்க கேளுங்கக்கா. வுடலன்னா எங்கனா கிரவுண்டுல. கயிறு கட்டிக்கலாம்." அவளுக்கே தன் குரல் பிச்சை கேட்பது போல ஒலித்தது. நிறுத்த முடியவில்லை. "அடுத்த வருசம் நான் பதினாறு வயசு மேட்ச்சுல ஆடணும். பெரிய பெரிய பொண்ணுங்கோ. எனுக்கு வேற யாரும் இல்லக்கா."

கோமளம் குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பெஞ்சிலிருந்து மஹதி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"வரட்டும்மா. எங்க ஸ்கூல் கிரவுண்டுக்கு வரட்டும்."

"சித்த இருடி. அப்பாவைக் கேக்கணும்."

"நாளைக்கே வரட்டும்" என்றாள் மஹதி.

கோமளம் மகளைப் பார்த்தாள், நிலாவின் வீங்கிய காலைப் பார்த்தாள். "நாளைக்கு வேண்டாம். கால் சரியாகட்டும். திங்கக்கிழமை காலம்பற வா. எத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாது. வா, பாப்போம்."

வெளியே வந்தபோது கேட்டருகே கபாலி சைக்கிளோடு நின்றிருந்தார். மெம்பர்களை விட்டுவிட்டு எப்படி வந்தார் என்று அவள் கேட்கவில்லை. அவரும், ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"இன்னா சொன்னாங்கோ?"

"திங்கக்கெழம வர சொன்னாங்கோ. எத்தினி நாளுன்னு தெரியாதாம்."

கபாலி தலையை ஆட்டினார். பின் சீட்டில் ஏற அவளால் காலைத் தூக்க முடியவில்லை. அவர் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்தார். பாலம் வரும் வரை மிதித்தார். ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோது இறங்கித் தள்ளினார்.

"அந்த கோயமுத்தூரு பொண்ணு உயரப் பந்த எப்டி அடிச்சா?" என்று கேட்டார், திரும்பிப் பார்க்காமல். "எனுக்கு கேட்டுலேர்ந்து பாதிதான் தெரிஞ்சுது. சொல்லு."

நிலா கையைத் தூக்கிக் காட்டத் தொடங்கினாள்.